தரைச்சூடும் ரேடியேட்டரும் ஒரே பாய்லரில்: மிக்ஸிங் வால்வு வயரிங் பற்றி உதவி தேவை

ஜனக்புரி_மாடிவீடு · ஜனவரி 4, இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். டில்லி ஜனக்புரியில் இருந்த எங்கள் பழைய வீட்டைப் போன வருடம் இடித்துக் கட்டினோம். கீழ்த்தளத்தில் அம்மா இருக்கிறார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஜனவரி விடியற்காலையில் வெளியே 5 டிகிரிக்கு இறங்கும்போது மார்பிள் தரையில் கால் வைக்க முடியாது. அம்மாவோ செருப்புப் போட்டுக்கொண்டு பூஜை அறைக்குள் போக மாட்டார். அதனால்தான் கீழ்த்தளம் முழுக்கத் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓட்டினோம். மாடியில் ஐந்து ரேடியேட்டர். இரண்டுக்கும் சேர்த்துக் குழாய் கேஸில் ஓடும் 24 கிலோவாட் பாய்லர் ஒன்று.

விவரம்: தரை சுமார் 70 சதுர மீட்டர். 16 மி.மீ. குழாய், 150 மி.மீ. இடைவெளி, ஆறு சுற்று, ஒவ்வொன்றும் 80 மீட்டருக்குள். பாய்லர் 65 டிகிரியில் தண்ணீர் அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு அது வேண்டும். தரைக்கு 40 போதும். நடுவில், பாய்லர் வெந்நீரோடு தரையிலிருந்து திரும்பும் தண்ணீரைக் கலக்கும் மூவழி மிக்ஸிங் வால்வு, அதன் தலையில் வால்வைத் திருப்பும் 230 வோல்ட் மோட்டார் (ஆக்சுவேட்டர்). அதில் மூன்று ஒயர்: நியூட்ரல், திற, மூடு. முழுதாகத் திரும்ப 120 விநாடி. ஒரு இ.எஸ்.பி.32 போர்டு (நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினி), இரண்டு ரிலே (போர்டு போட்டு அணைக்கும் சுவிட்ச்), ஒரு வெப்ப சென்சார் வைத்து நானே ஓட்டுகிறேன். வெப்பம் 40-க்குக் கீழே இருந்தால் ‘திற’ ரிலே, மேலே போனால் ‘மூடு’ ரிலே. அவ்வளவுதான் நிரல்.

மூன்று பிரச்சினை:

ஒன்று, தரைக்குப் போகும் தண்ணீர் ஒரே நிலையில் நிற்பதில்லை. 31-க்கு இறங்குகிறது, 48-க்கு ஏறுகிறது. நாள் முழுக்க இப்படியே.

இரண்டு, ‘திற’ ரிலே மட்டும் போட்டிருக்கும்போது ‘மூடு’ ஒயரில் மல்டிமீட்டர் வைத்தால் 260 வோல்ட் காட்டுகிறது. ரிலே போர்டு போய்விட்டதா?

மூன்று, கரண்ட் போய் இன்வர்ட்டருக்கு மாறும்போது சில சமயம் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு தெரிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது.

எலெக்ட்ரீஷியன் இதுவரை இப்படி ஒரு வால்வைப் பார்த்ததில்லை என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஒயர்காரன் · ஜனவரி 4, இரவு 11.05

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது பயமுறுத்தும். உங்கள் ரிலே போர்டு நன்றாகவே இருக்கிறது. அந்த ஆக்சுவேட்டருக்குள் இருப்பது சின்ன சிங்க்ரனஸ் மோட்டார். அதில் இரண்டு சுருள், இரண்டுக்கும் நடுவில் ஒரு கெப்பாசிட்டர். ‘திற’ ஒயரில் ஃபேஸ் கொடுத்தால் ஒரு சுருளுக்கு நேராகவும், மற்றதற்குக் கெப்பாசிட்டர் வழியாகவும் மின்சாரம் போகும். அந்த இரண்டாவது சுருளின் முனைதான் உங்கள் ‘மூடு’ ஒயர். அதில் 230-ஐத் தாண்டியும் காட்டும். இந்த வகை மோட்டாரில் அது இயல்பு.

ஆனால் இதிலிருந்து மூன்று விஷயம் மனதில் இருக்கட்டும். அந்த ஒயரில் மின்சாரம் இல்லை என்று நினைத்து யாரும் கை வைக்கக் கூடாது, மெயின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். ஒரே ரிலேயில் இரண்டு ஆக்சுவேட்டரை இணைத்து ஓட்டக் கூடாது; ஒன்று மற்றொன்றுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். மூன்றாவது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஃபேஸ் போகவே கூடாது. நிரலில் ஒரு பிழை, போர்டு துவங்கும்போது ஒரு துடிப்பு, இவை போதும் அப்படி நடக்க.

அதை நிரலை நம்பி விடாமல் ஒயரிலேயே தடுத்துவிடலாம். முதல் ரிலே ‘ஓடலாமா வேண்டாமா’ என்பதற்கு, இரண்டாவது ரிலே ‘எந்தப் பக்கம்’ என்பதற்கு. ஃபேஸ் முதல் ரிலேயின் பொது முனைக்கு வரட்டும். அதன் திறந்த முனையிலிருந்து (ரிலே போட்டால் மட்டும் இணைவது) இரண்டாவது ரிலேயின் பொது முனைக்கு ஒரு ஒயர். இரண்டாவதன் மூடிய முனை (ரிலே போடாதபோது இணைந்திருப்பது) ஆக்சுவேட்டரின் ‘மூடு’க்கு, திறந்த முனை ‘திற’வுக்கு. இப்போது நிரல் என்ன தப்புச் செய்தாலும் இரண்டுக்கும் சேர்ந்து ஃபேஸ் போக வழியே இல்லை. பக்கம் மாற்றும்போது முதல் ரிலேயை விட்டு, ஒரு விநாடி பொறுத்து, அப்புறம் இரண்டாவதை மாற்றுங்கள்.

சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் பாகம் இல்லாத எலெக்ட்ரானிக் ரிலே) போடலாமா என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அணைத்திருக்கும்போதும் அதில் கொஞ்சம் கசிவு உண்டு. சில வாட் மோட்டாருக்கு அந்தக் கசிவே முனகலை உண்டாக்கப் போதும்.

---

பழைய_பிளம்பர் · ஜனவரி 5, காலை 6.40

தம்பி, நான் சிம்லாவிலும் மணாலியிலும் ஓட்டல்களுக்கு வெந்நீர் லைன் போட்டவன். இப்போது ஆர்.கே.புரத்தில் மகன் வீட்டில். எனக்கு இரண்டு விவரம் வேண்டும். வால்வின் உடம்பில் கே.வி.எஸ். என்று ஒரு எண் அச்சாகியிருக்கும், முழுதாகத் திறந்தால் எவ்வளவு தண்ணீர் போகும் என்பதற்கான அளவு; அது என்ன? சென்சாரை எங்கே, எப்படிக் கட்டியிருக்கிறீர்கள்?

இன்னொன்று. குழாய்மேல் காரை போட்டு எத்தனை நாள் கழித்துச் சூடு விட்டீர்கள்? சிமென்ட் காரைக்கு 21 நாள் விட வேண்டும். அப்புறமும் முதல் மூன்று நாள் 25 டிகிரியில்தான் ஓட்ட வேண்டும்.

---

நொய்டா_செக்டார்62 · ஜனவரி 5, காலை 8.15

எங்கள் வீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் எதுவுமே இல்லாமல் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு போட்டிருக்கிறோம். உள்ளே மெழுகு உருளை. திருகில் 40 என்று வைத்தால் அதுவே கலந்துகொள்ளும், கரண்ட் கூட வேண்டாம். அம்மாவுக்காக என்றால் எளிமையானதுதான் நல்லது என்பது என் கருத்து. நீங்கள் ஊரில் இல்லாதபோது அந்த போர்டை யார் பார்ப்பார்கள்?

---

ஜனக்புரி_மாடிவீடு · ஜனவரி 5, இரவு 9.30

ஒயர்காரன் அண்ணா, பெரிய பாரம் இறங்கியது. ரிலேயை நீங்கள் சொன்னபடி இன்றே மாற்றிவிட்டேன்.

ஐயா, காரைக்கு ஒரு மாதத்துக்கு மேல் விட்டோம். வால்வில் கே.வி.எஸ். 10 என்று இருக்கிறது. குழாய் ஒரு அங்குலம் என்பதால் கடைக்காரர் அதே அளவு கொடுத்தார். சென்சார், ஆறு சுற்றும் பிரியும் மேனிஃபோல்டில், வால்விலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, குழாய்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன்.

அக்கா, நீங்கள் சொல்வது மனதைத் தொட்டது. வெளியே வெயில் அடிக்கும் நாளில் தண்ணீரின் வெப்பத்தைக் குறைக்கலாமே என்றுதான் மோட்டார் வால்வு வாங்கினேன். அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாதபடி வைக்க மாட்டேன்.

---

பழைய_பிளம்பர் · ஜனவரி 6, காலை 6.25

நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

70 சதுர மீட்டரில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 60 வாட் என்று வைத்தால் 4.2 கிலோவாட். போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 7 டிகிரி வித்தியாசம் என்றால் மணிக்கு சுமார் 516 லிட்டர் ஓட வேண்டும், அதாவது 0.52 கன மீட்டர். வால்வில் 0.04 பார் அழுத்தம் விழட்டும் என்று எடுத்தால், 0.52-ஐ 0.04-இன் வர்க்கமூலமான 0.2-ஆல் வகுக்க வேண்டும். 2.6 வருகிறது. உங்களுக்கு வேண்டியது கே.வி.எஸ். 2.5 வால்வு. உங்களிடம் இருப்பது நான்கு மடங்கு பெரியது.

இதோடு இன்னொரு கணக்கு. பாய்லர் 65, தரையிலிருந்து திரும்புவது 33, வேண்டியது 40. அப்படியானால் வெந்நீரின் பங்கு 32-இல் 7, நூற்றுக்கு 22. மீதி 78 பங்கு திரும்பி வந்த தண்ணீரே மறுபடி சுற்றுகிறது. சரியான அளவு வால்வாக இருந்தாலே அது தன் ஓட்டத்தின் முதல் கால் பங்குக்குள்தான் வேலை செய்யும். நான்கு மடங்கு பெரிய வால்வில் ஒரு மயிரிழை திரும்பினாலே வெந்நீர் பாய்ந்துவிடும். குழாயின் அளவைப் பார்த்து வால்வு வாங்குவதுதான் நான் பார்த்த முக்கால்வாசித் தகராறுகளுக்குக் காரணம். கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை, அவர் மரை பொருந்துகிறதா என்று பார்க்கிறார்.

சென்சார் மிக்ஸிங் வால்வுக்கும் பம்ப்புக்கும் அப்புறம், தண்ணீர் நன்றாகக் கலந்த இடத்தில், பம்ப்பிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும். செம்பு அல்லது பித்தளைத் துண்டின்மேல் ஹீட் பேஸ்ட் தடவி, கிளாம்ப் போட்டு, மேலே குழாய் இன்சுலேஷன் மூடுங்கள். டேப்பில் கட்டினால் அது பாதி அறைக் காற்றைத்தான் அளக்கும்.

---

குளிர்தாங்கி · ஜனவரி 6, மதியம் 1.10

ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் வால்வை மாற்றினாலும் அந்த நிரல் ஆடிக்கொண்டுதான் இருக்கும். எங்கே ஆட்டம் வருகிறது என்று பாருங்கள். 39 டிகிரி என்றால் ரிலே விழாமல் ‘திற’ ஓடுகிறது. வெந்நீர் சென்சார் வரை வந்து, சென்சார் சூடாகி, போர்டுக்குத் தெரிய 20, 25 விநாடி ஆகும். அதற்குள் வால்வு கால்வாசி திரும்பிவிட்டது. அப்புறம் மூடத் தொடங்கினாலும் அதே தாமதம்.

மூன்று கம்பி ஆக்சுவேட்டரைத் தட்டித் தட்டித்தான் நகர்த்த வேண்டும். 120 விநாடிக்கு 90 பாகை என்றால் ஒரு விநாடிக்கு 0.75 பாகை. வித்தியாசம் ஒரு டிகிரிக்கு அரை விநாடி என்று தொடங்குங்கள். 4 டிகிரி குறைவா, 2 விநாடி திறந்து நிறுத்துங்கள். 30 விநாடி சும்மா இருங்கள். மறுபடி அளந்து பாருங்கள். ஒரு டிகிரிக்குள் இருந்தால் தொடவே வேண்டாம். தரை காரையும் மார்பிளும் சேர்ந்த பெரிய பாரம்; அது சூடேற மணிக்கணக்காகும். அரை டிகிரிக்காக வால்வைத் துரத்தினால் பல்சக்கரம்தான் தேயும்.

இந்த ஆக்சுவேட்டர் தான் எங்கே நிற்கிறது என்று சொல்லாது. அதனால் போர்டு துவங்கும் ஒவ்வொரு முறையும் 150 விநாடி ‘மூடு’ ஓட்டுங்கள். முடிவுக்கு வந்ததும் உள்ளே இருக்கும் சுவிட்ச் மோட்டாரைத் தானே நிறுத்திவிடும். அங்கிருந்து கணக்கைத் தொடங்கலாம்.

சென்சார் என்ன வகை? என்.டி.சி. (சூடேறினால் மின்தடை குறையும் வகை) 10 கிலோ ஓம் என்றால் அதன் பி மதிப்பை, அதாவது தடையை வெப்பமாக மாற்ற நிரலில் போடும் எண்ணை, சரிபாருங்கள். 3435 வகையை வைத்துக்கொண்டு நிரலில் 3950 என்று போட்டால் உண்மையில் 40 இருக்கும்போது 38 காட்டும். சூடு கூடக் கூட இந்தத் தப்பும் கூடும், அதுவும் குறைத்தே காட்டும்.

---

ஜனக்புரி_மாடிவீடு · ஜனவரி 8, காலை 7.00

வால்வை மாற்றும் முன்பே ஒன்று நடந்துவிட்டது. நேற்று இரவு கரண்ட் போனது. ஒன்றேகால் மணி நேரம் கழித்து அம்மா கூப்பிட்டு ‘தரை சுடுதுப்பா’ என்றார். நான் கீழே போய்ப் பார்த்தபோது மேனிஃபோல்டில் 58 டிகிரி. மார்பிள் மேல் 34.

காரணம் புரிந்தது. பாய்லரும் தரை பம்ப்பும் இன்வர்ட்டர் பாயின்ட்டில். என் போர்டும் ஆக்சுவேட்டரும் சாதாரண பாயின்ட்டில். கரண்ட் போனதும் போர்டு அணைந்தது, வால்வு திறந்திருந்த இடத்திலேயே நின்றுவிட்டது, பம்ப் மட்டும் நிற்காமல் வெந்நீரைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருக்குச் சர்க்கரை உண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைவு. தூங்கியிருந்தால் தெரிந்திருக்காது என்ற நினைப்பு என்னை விடவில்லை. இப்போது தரையை முழுக்க நிறுத்தி வைத்திருக்கிறேன்.

---

ஒயர்காரன் · ஜனவரி 8, காலை 9.50

நிறுத்தியது சரி. இதை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும், வருந்துகிறேன். மறுபடி ஓட்டும் முன் இது இல்லாமல் ஓட்டாதீர்கள்.

குழாய்மேல் கட்டும் லிமிட் தெர்மோஸ்டாட் என்று கேளுங்கள். உள்ளே வெறும் இயந்திர சமாச்சாரம்தான், நிரல் கிடையாது. பம்ப்புக்கு அடுத்த குழாயில் கட்டி 50-இல் வையுங்கள். தரை பம்ப்பின் ஃபேஸ் இதன் பொது முனைக்குள் நுழைந்து, மூடிய முனை வழியாக வெளியேறிப் பம்ப்புக்குப் போகட்டும். போர்டு செத்தாலும், ரிலே ஒட்டிக்கொண்டாலும், சென்சார் கழன்றாலும் 50-இல் பம்ப் நிற்கும். தரையின் மேற்பரப்பு ஆட்கள் புழங்கும் இடத்தில் 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. அம்மாவின் பாதத்தை நினைத்து அதையும் தொடாமலே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பம்ப், பாய்லர், போர்டு, ஆக்சுவேட்டர் எல்லாம் ஒரே இன்வர்ட்டர் பாயின்ட்டில், ஒரே எம்.சி.பி.யில். போனால் எல்லாம் சேர்ந்து போகட்டும், வந்தால் சேர்ந்து வரட்டும். உங்கள் மூன்றாவது கேள்விக்கும் இதுவே பதில் என்று நினைக்கிறேன். ஒரு லைனில் ஃபேஸ் எடுத்து வேறு லைனின் நியூட்ரலில் விட்டிருப்பீர்கள். போன மின்சாரம் அதே ஆர்.சி.சி.பி. வழியாகத் திரும்பாததால் அது கசிவு என்று எண்ணி விழுகிறது. நியூட்ரலைத் தனித்தனியாகப் பிரியுங்கள். இன்வர்ட்டர் சைன் வேவ்தானா? சதுர அலை என்றால் இந்த மோட்டார் இரைந்துகொண்டே சூடாகும்.

---

குளிர்தாங்கி · ஜனவரி 8, காலை 10.30

லிமிட் தெர்மோஸ்டாட்டில் மூன்றாவது முனை ஒன்று சும்மா இருக்குமே. சூடு மீறும்போது அதில் ஃபேஸ் வரும். அதை ஆக்சுவேட்டரின் ‘மூடு’ ஒயரில் கொடுத்தால் வால்வும் தானே மூடிக்கொள்ளுமல்லவா?

---

ஒயர்காரன் · ஜனவரி 8, காலை 11.15

நல்ல யோசனையாகத் தோன்றும், நானும் ஒரு காலத்தில் வரைந்து பார்த்தேன். ஒயரைப் பின்தொடருங்கள். ‘மூடு’ முனையில் ஃபேஸ் வருகிறது. அந்த நேரம் இரண்டாவது ரிலே ‘மூடு’ பக்கமும் முதல் ரிலே போட்ட நிலையிலும் இருந்தால், அந்த ஃபேஸ் இரண்டையும் கடந்து பின்னால் போகும். ரிலேக்கும் பம்ப்புக்கும் தெர்மோஸ்டாட்டின் மூடிய முனைக்குப் பின்னால் ஒரே இடத்திலிருந்து ஃபேஸ் எடுத்திருந்தால், நிறுத்திய பம்ப் மறுபடி ஓடும். அதனால் அந்த முனையைக் காலியாக விடுங்கள்.

---

நொய்டா_செக்டார்62 · ஜனவரி 8, மதியம் 12.40

ஒரு சந்தேகம். தரை பம்ப் நின்றாலும் பாய்லருக்குள் ஒரு பம்ப் இருக்கிறதே? ரேடியேட்டருக்காக அது ஓடும்போது, திறந்து நிற்கும் மிக்ஸிங் வால்வு வழியாக வெந்நீர் தரைக்குள் தள்ளப்படாதா? எங்கள் வீட்டில் மாடியை மட்டும் போட்டால் கீழே தரையும் மெல்லச் சூடாகும். நான்-ரிட்டர்ன் வால்வு போட்டும் முழுக்க நிற்கவில்லை.

---

பழைய_பிளம்பர் · ஜனவரி 8, மாலை 5.30

அம்மா, மிகச் சரியான கேள்வி. நான்-ரிட்டர்ன் வால்வு பின்னோக்கி வருவதைத்தான் தடுக்கும். இது முன்னோக்கித் தள்ளுவது, அதனால் நிற்காது. பாய்லருக்கும் இரண்டு லைனுக்கும் நடுவில் ஹெட்டர் (எல்லா லைனும் வந்து சேரும் அகலக் குழாய்) இருந்தால் ஒரு பம்ப்பின் அழுத்தம் மற்றதை அண்டாது. இல்லையென்றால் மிக்ஸிங் வால்வுக்குப் போகும் வெந்நீர்க் குழாயில் ஒரு ஸோன் வால்வு (ஒரு பகுதியின் லைனை மட்டும் திறந்து மூடுவது) போடுங்கள், ஸ்பிரிங் வைத்தது. கரண்ட் இருந்தால் திறக்கும், போனால் ஸ்பிரிங் தானே மூடும். அதன் மோட்டாரையும் தரை பம்ப்பையும் அதே லிமிட் தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் சேர்த்துவிட்டால் சூடு மீறும் நொடியில் இரண்டும் நிற்கும். தம்பி, உங்களிடம் ஹெட்டர் இருந்தாலும் இதைப் போடுங்கள் என்பேன்.

---

ஒயர்காரன் · ஜனவரி 8, இரவு 8.05

ஐயா சொன்ன ஸோன் வால்வுக்குள் ஒரு சின்ன சுவிட்சும் இருக்கும், வால்வு திறந்ததும் மூடிக்கொள்ளும். அதன் இரண்டு ஒயரைத்தான் பாய்லரைக் கூப்பிடப் பயன்படுத்த வேண்டும். வழி திறக்காமல் பாய்லர் எரியாது. மாடி ரேடியேட்டர் தெர்மோஸ்டாட்டின் தொடர்பை அதற்கு இணையாகச் சேர்த்தால், கீழோ மாடியோ எது கேட்டாலும் பாய்லர் வரும். பாய்லரின் அந்த முனைகள் பெரும்பாலும் குறைந்த வோல்ட் கொண்டவை. அதில் 230 போனால் உள்ளே இருக்கும் போர்டே போய்விடும். பாய்லரின் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் இணைக்காதீர்கள். சென்சார் ஒயர் 230 வோல்ட் ஒயரோடு ஒரே குழாயில் போக வேண்டாம், தனிக் குழாய்.

---

குளிர்தாங்கி · ஜனவரி 9, காலை 11.20

வெளிச் சென்சார் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெயில் படாத வடக்குச் சுவரில் வையுங்கள். வெளியே 5 என்றால் தண்ணீர் 40, வெளியே 15 என்றால் 33, நடுவில் நேர்கோடு. இப்படித் தொடங்கி அம்மாவின் வசதிக்கு ஏற்ப மாற்றுங்கள்.

---

பழைய_பிளம்பர் · ஜனவரி 9, மாலை 6.00

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. சிம்லாவில் நாள் முழுக்கக் குளிர், அங்கே இது அருமையாக வேலை செய்யும். டில்லியில் மதியம் 20, விடியலில் 6. தரை நான்கு மணி நேரம் பின்தங்கி நடக்கும். மாலை ஏழு மணிக்கு வெளியே 14 என்று பார்த்துத் தண்ணீரைக் குறைத்தால், விடியலில் தேவைப்படும்போது தரையில் சூடு இருக்காது.

---

குளிர்தாங்கி · ஜனவரி 9, இரவு 9.45

ஐயா சொல்வதை ஏற்கிறேன். அந்த நேரத்து வெப்பத்தை எடுக்காமல் கடந்த 24 மணி நேரச் சராசரியை எடுத்தால் மாலை ஏழு மணிக் குழப்பம் வராது. மூடுபனி நாளுக்கும் வெயில் நாளுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் அதில் தெரியும், அதுதான் நமக்கு வேண்டும்.

---

ஜனக்புரி_மாடிவீடு · ஜனவரி 19, இரவு 10.10

பத்து நாள் எழுதவில்லை, மன்னிக்கவும். ஹௌஸ் காஜி கடைத்தெருவில் கே.வி.எஸ். 2.5 வால்வும் ஸோன் வால்வும் கிடைத்தன. லிமிட் தெர்மோஸ்டாட் பாகீரத் பேலஸில். ஒயரிங்கை எலெக்ட்ரீஷியனை உட்கார வைத்து, ஒயர்காரன் அண்ணா எழுதியதைத் தமிழிலிருந்து இந்தியில் சொல்லிச் சொல்லிச் செய்து முடித்தோம். நியூட்ரல் அவர் சொன்னபடியேதான் கலந்திருந்தது. பிரித்த பிறகு ஆர்.சி.சி.பி. ஒரு முறைகூட விழவில்லை. இன்வர்ட்டர் சைன் வேவ்தான்.

தண்ணீர் இப்போது 38-இல் நிற்கிறது, மேலும் கீழும் ஒரு டிகிரி. வால்வு சில சமயம் ஒரு மணி நேரம் அசைவதே இல்லை. சென்சாரின் பி மதிப்பும் தப்பாகத்தான் போட்டிருந்தேன்.

லிமிட்டைச் சோதித்தேன். அம்மாவை மாடிக்கு அழைத்துவிட்டு, ஆக்சுவேட்டரைக் கழற்றி வால்வைக் கையால் முழுக்கத் திறந்தேன். வெப்பமானி 51 காட்டியபோது டக் என்று சத்தம், பம்ப் நின்றது, ஸோன் வால்வு மூடியது. போர்டின் ஒயரைப் பிடுங்கி ஒரு முறை, எம்.சி.பி.யை இறக்கி ஒரு முறை, இரண்டிலும் நின்றது. தரை பம்ப்புக்கும் இப்போது ஒரு ரிலே வைத்திருக்கிறேன், போர்டு ஓடாமல் அது பம்ப்பைப் போடாது. மார்பிள் மேல் இன்று காலை 26.

அக்கா சொன்னதற்காக ஒரு சுவிட்ச் கூடுதலாக வைத்திருக்கிறேன். அதை இறக்கினால் தரைச்சூடு முழுக்க நின்றுவிடும், மாடி ஓடும். அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில், ‘தரை’ என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

---

நொய்டா_செக்டார்62 · ஜனவரி 20, காலை 7.35

அந்த சுவிட்ச் பற்றிப் படித்ததும் நிம்மதி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி நடுவில் நிறுத்தினால் அடுத்த டிசம்பர் வரை பம்ப்பும் வால்வும் அசையாது. எங்களுடைய பம்ப் இரண்டாவது வருடம் இறுகிப்போனது. வாரம் ஒரு முறை பம்ப் ஒரு நிமிடமும், வால்வு ஒரு தடவை திறந்து மூடவும் நிரலில் எழுதிவிடுங்கள்.

---

ஜனக்புரி_மாடிவீடு · ஜனவரி 20, இரவு 8.50

எழுதிவிட்டேன் அக்கா. ஞாயிறு காலை பதினொரு மணி, பாய்லரைக் கூப்பிடாமல்.